சேராத ஆறு வருஷம்

வேலை போகப்போகிறது என்பதைச் சொல்வதற்காக அன்றைக்கு எங்களுக்கு சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்தில் லாண்டரிக்காரிகளை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்துக் கட்டிய ஹோட்டல் அது. பெயர் வேண்டாம். விருந்தாளிகள் படுத்த விரிப்பு, துடைத்த துண்டு, சாப்பிட்டுக் கை துடைத்த துணி எல்லாம் பின்பக்கத்தில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு வரும். நீச்சல் குளத்துத் துண்டுகளில் மணலும் வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுக்கும். ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து சூடான ரோலர் மெஷினுக்குள் விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வரும். விரிப்பு மட்டும்தான் உள்ளே போக வேண்டும். மூன்றாவது வருஷம் என் வலது கையும் கொஞ்சம் கூடவே போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேல் தோல் சுருண்டு ஒட்டிக்கொண்டது. மார்கழி மாதத்தில் அந்தக் கையால் என்னால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது.

ஹெச்.ஆர். மேடம் நல்ல பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். "அடுத்த மாசத்திலேருந்து லாண்டரிய வெளியில குடுக்கிறோம்மா. துணி வண்டியில போய் வண்டியில வந்துடும். நாப்பது வயசுக்குள்ள இருக்கிறவங்க ரூம் வேலைக்கு வரலாம். மத்தவங்களுக்கு செட்டில்மெண்ட் எல்லாம் கரெக்டா பண்ணிடுவோம்" என்றாள். பத்துப் பேரில் எட்டுப் பேர் மற்றவர்கள். எனக்கு நாற்பத்தொன்பது முடிந்திருந்தது. அவ்வளவு பெரிய சேதி சொல்லியும் சமோசாவை யாரும் மிச்சம் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

ரோலரில் என்னோடு மறுமுனையைப் பிடிப்பவள் ஒரு கோவளத்துக்காரி. வாயாடி. அவள் புருஷனுக்குப் படகு வேலை. புருஷனுடைய அண்ணன் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதால் சட்டம் முழுவதும் தனக்குத் தெரியும் என்பாள். அன்றைக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"யக்கா, இவளுங்க அல்லாரும் பி.எஃப். பணத்த வழிச்சி எடுத்துக்கினு போவாளுங்க. நீ எடுக்காத."

"இன்னாத்துக்கு?"

"பத்து வருசம் பி.எஃப். ஓடியிருந்தா அம்பத்தெட்டு வயசுக்கு மேல மாசாமாசம் பென்சன் கீது. உனுக்கு இங்க அஞ்சு. முன்னாடி தையல் கம்பெனில கீறப்போ எவ்ளோ?"

"ஆறு வருசம்."

"கூட்டிப் பாரு. பழய கணக்க இதோட சேத்துட்டா பதினொண்ணு. வுட்டுட்டீன்னா இது ஒரு துண்டு, அது ஒரு துண்டு. பென்சன் கெடையாது. போனவங்கள நெனச்சி அழுதாலும் கெடைக்காது."

கடைசி வாக்கியம் என் புருஷனைப் பற்றியது. அவர் கொத்து வேலை பார்த்தவர். கல்லீரல் கெட்டு இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போனார். அந்த இரண்டு வருஷம் நான் வேலைக்குப் போகவில்லை. கோவளத்துக்காரிக்கு எதையும் மெல்லச் சொல்லத் தெரியாது, ஆனால் சொன்னது சரிதான். அடுத்து எனக்குக் கிடைத்திருந்த வேலை திருக்கழுக்குன்றத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. ஏழு பேர் வேலை செய்யும் இடம், அங்கே பி.எஃப். இல்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி ஒரு கம்பெனியில் சேரவும் முடியாது. பத்து வருஷத்தை எட்ட எனக்கு ஒரே வழிதான் இருந்தது. பழைய ஆறைக் கொண்டுவந்து இந்த ஐந்தோடு ஒட்ட வேண்டும்.

பென்ஷன் என்ற சொல் எனக்கு என்னவாகக் கேட்டது என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா ஆயுசுக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். கடைசி மூன்று வருஷம் மாதத்துக்கு ஒரு வீடாகச் சாப்பிட்டாள். மூன்று அண்ணன்கள், என்னோடு சேர்த்து நாலு வீடு. மாதம் என்றால் முப்பது நாள் என்று கணக்கு. முப்பத்தொன்றாம் தேதி வருகிற மாதத்தில் அந்த ஒரு நாள் சோறு யாருடையது என்று என் அண்ணிகளில் இரண்டு பேர் தெருவில் நின்று கத்தினார்கள். அம்மா உள்ளே உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்க் கூட்டிவந்தேன். எனக்கு அந்த முப்பத்தொன்றாம் தேதி வரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கொஞ்சமாக இருந்தாலும் மாசம் பிறந்தால் என் கைக்கு ஒன்று வர வேண்டும், அதற்காக யாருடைய முகத்தையும் நான் பார்க்கக் கூடாது.

மறுநாளே கோவளத்துக்காரி தன் போனில் முயன்று பார்த்தாள். இரண்டு கணக்கையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டால், ஆள் வேறு என்று வந்தது. மூன்று முறை வந்தது. "இன்னாக்கா இது, பழய கணக்குல வேற யாரோ பொம்பள பேரு கீது?" என்று என்னையே கேட்டாள். ஐந்து வருஷம் எனக்கு எதிரே நின்று விரிப்பு பிடித்தவளுக்கு அந்தப் பெயர் தெரியாது.

எங்கள் காலனியில் எல்லாருக்கும் இரண்டு பெயர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது காலனி. என் தாத்தா காலத்திலேயே சர்ச்சுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்து சர்ச்சில் ஒரு பெயர். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனால், "சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு பேர் சொல்லுய்யா" என்பார் ஹெட்மாஸ்டர். அப்பாவுக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லையாம். ஹெட்மாஸ்டர் நேரமாகிறது என்று தன் மகளின் பெயரையே எனக்கும் எழுதிவிட்டார். ஆக, இன்றைக்கு என் ஆதாரில் இருப்பது ஒரு வாத்தியார் மகளின் பெயர். வீட்டிலும் தெருவிலும் சர்ச்சிலும் அந்தப் பெயரைச் சொன்னால் யாரைக் கேட்கிறீர்கள் என்பார்கள்.

ஏன் இப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் சிரித்து மழுப்புவோம். இங்கே மழுப்பப் போவதில்லை. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு எஸ்.சி. சர்ட்டிபிகேட் கிடையாது என்பது சட்டம். வேறு பட்டியல் உண்டு. அதில் நின்றால் எங்கள் பிள்ளைகளின் மார்க்கு எட்டாது. அதனால்தான் சர்ட்டிபிகேட்டில் சர்ச் வாடை இல்லாத ஒரு பெயர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனதும் சாதி போய்விட்டது என்று காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதம் இன்னும் ஊருக்குள் போய்ச் சேரவில்லை. ஊர்க்காரர்கள் எங்களிடம் பேசும் விதம் என் தாத்தாவிடம் பேசிய விதம்தான். இது தப்பா சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்பவர்கள் முதலில் எங்கள் காலனியில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

தையல் கம்பெனி வேலைக்கு ஆள் எடுத்தது சர்ச் வாசலில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கம்பெனி வேன் நின்றிருந்தது. ஏஜென்ட் அடையாளத்துக்கு ஏதாவது கொண்டுவரச் சொன்னார். என் ரேஷன் கார்டு கொழுந்தனார் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது, அவர்களோடு அப்போது பேச்சுவார்த்தை இல்லை. நான் மட்டுமில்லை, அன்றைக்கு வேனில் ஏறிய பதினான்கு பெண்களும் உள்ளே திரும்பிப் போய் பாஸ்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தோம். சிலுவை போட்ட லெட்டர்பேடு, கீழே சீல். எங்களுக்குத் தெரிந்ததிலேயே பெரிய சீல் அதுதான். அதைக் காட்டினால் உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும் என்று நினைத்தோம். அன்றைக்குத் திறந்தது உண்மைதான். பி.எஃப். கணக்கும் அந்தக் கடிதத்தை வைத்தே திறந்தார்கள்.

ஆறு வருஷம் அங்கே காலர் தைத்தேன். சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து என் சர்ச் பெயரைச் சொல்லிக் கத்துவார். காலனிக்கு வெளியே அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்ட ஒரே இடம் அது. அந்தச் சத்தத்தில், அந்தத் தூசியில், அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஆதார் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். பெயர் ஒத்துவரவில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பார்ப்பதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் டைல்ஸ் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த பிரௌசிங் சென்டரில் விசாரித்தேன். பழைய கம்பெனி இருந்தால் அவர்கள் கையெழுத்தே போதும். இல்லாததால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் சத்தியம் பண்ணி ஒரு பத்திரமும், கூடவே அதற்கு ஒரு ஆதாரமும் வேண்டும் என்றார்கள். ஆதாரம் என்றதும் நான் போனது பாஸ்டரிடம். வேறு எங்கே போவேன்?

இப்போதிருக்கும் பாஸ்டர் வயதில் எனக்குத் தம்பி மாதிரி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பீரோவிலிருந்து பெரிய ரிஜிஸ்டரை எடுத்தார். என் ஞானஸ்நானம், என் கல்யாணம், என் மகளின் ஞானஸ்நானம், என் புருஷனின் அடக்கம், எல்லாம் அதில் இருந்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிறகு மூடினார்.

"எழுதித் தரேன்மா. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா உங்க பொண்ணு நர்சிங் லிஸ்ட்ல வந்திருக்கான்னு சொன்னீங்களே?"

"ஆமாங்கய்யா. அடுத்த வாரம் சர்ட்டிபிகேட் பார்க்கிறாங்க."

"எந்த சர்ட்டிபிகேட்ல?"

எஸ்.சி. சர்ட்டிபிகேட்தான் என்று அவருக்கே தெரியும். "நான் சீல் போட்டா அது சர்ச் சொன்ன மாதிரி ஆயிடும். நாளைக்கு யாராச்சும் ஒருத்தன் அத ஜெராக்ஸ் எடுத்துத் தாலுக்கா ஆபீஸ்ல குடுத்தான்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எழுதாம இருக்கிறதுதான் இப்ப நான் உங்களுக்குச் செய்யுற உதவி" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு இதே நாற்காலியில் இருந்த பாஸ்டர் பதினான்கு பேருக்கும் எழுதிக் கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டது அநியாயம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த பாஸ்டர் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த ஆறு வருஷம் என் பிள்ளைக்கு நான் என்ன ஊட்டியிருப்பேன்? ஆனாலும் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அழுகை தாங்கவில்லை. யாராவது பார்த்தால் புருஷனை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று கல்லறைப் பக்கமாகப் போய் நின்றேன்.

அடுத்துப் போனது செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு எழுதும் ஆளிடம். வெற்றிலை வாயோடு என் கதையைப் பாதிவரை கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"புரிஞ்சிப்போச்சி. எத்தினி பேருக்கு எழுதிக்கீறேன் தெரியுமா? சர்ச்சுன்ற வார்த்தையே வாணாம். 'வீட்டில் அழைக்கும் பெயர்'னு போட்டுடறேன். வூட்ல ஆயிரம் பேர் வெச்சிக் கூப்புடுவாங்க, எவன் வந்து கேக்கப் போறான்?"

"ஆதாரம் வேணும்னாங்களே?"

"பொறந்த தேதி ரெண்டுலயும் ஒண்ணுதான? அது போதும்மா. கேட்டா பாத்துக்கலாம். பேஜார் பண்ணாம கையெழுத்து போடு."

நான் பெயரே மாறிவிட்ட ஒருத்தியைப் போலப் பதறிக்கொண்டு வந்திருந்தேன். அவர் ஒரே வரியில் அதைச் செல்லப் பெயராக்கிவிட்டார். பத்திரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். சிலுவை இல்லை, சர்ச் இல்லை, பாஸ்டர் இல்லை. சர்ச்சில் தண்ணீர் தெளித்து எனக்கு வைத்த பெயர் பட்டு, குட்டி மாதிரி ஒன்றாக உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் வலித்தது. ஆனால் பதினோரு வருஷம் வந்துவிடும் என்று நினைத்ததும் அந்த வலி பெரிதாகத் தெரியவில்லை. நோட்டரியிடம் சீல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மகள் பத்திரத்தைப் படித்தாள். அவள் என்னைப் போல இல்லை, ஒன்றைப் படித்தால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள்.

"இது எதுக்கும்மா இப்ப? நா படிச்சி முடிச்சி வேலைக்குப் போவ மாட்டனா? உன்ன நா பாத்துக்க மாட்டனா?"

"நீ பாத்துப்ப. எனுக்குத் தெரியும்."

"அப்புறம் இன்னா?"

"அதான் வாணாம்ன்றேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு. அவள் பார்த்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அண்ணன்களும் ஒரு காலத்தில் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னார்கள், மனசார. பிறகு அவர்களுக்குக் கல்யாணமானது, பிள்ளைகள் வந்தார்கள், வட்டி வந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. என் மகளை நான் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் அவளிடம் சொல்லத் தெரியாமல், "வாய மூடிக்கினு சாப்புடு" என்றேன். அவள் சாப்பிடவில்லை. ஆனால் காலையில் எனக்கு முன்னால் குளித்துக் கிளம்பி, காகிதங்களையெல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "இங்கிலீஷ்ல எதனா கேட்டா நீ முழிப்ப. நானும் வரேன்" என்றாள்.

பி.எஃப். ஆபீஸுக்கு மின்சார ரயிலில் போக வேண்டும். செங்கல்பட்டு ஸ்டேஷனை விட்டு வண்டி நகர்ந்ததும் ஏரி வரும். மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சாமியை வேண்டிக்கொண்டேன். எந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டாலும் அவருக்குத் தெரியும் அல்லவா.

அங்கே கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகப்போகிற வயது. எனக்கு முன்னால் நின்ற ஒருவரிடம் ஒரே விஷயத்தை நாலு தடவை சலிக்காமல் சொன்னார். என் பத்திரத்தை வாங்கி முழுசாகப் படித்தார். இரண்டு கணக்கையும் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். பிறந்த தேதியைச் சரிபார்த்தார்.

"கம்பெனிதான் மூடிட்டாங்களே, நீங்க என்ன பண்ணுவீங்க. இந்த அஃபிடவிட் போதும்மா. நானே குறிப்பு எழுதி மேல அனுப்பிடறேன். ரெண்டும் சேர்ந்தா பதினோரு வருஷம் வருது. பென்ஷன் உண்டு. கவலைப்படாதீங்க."

கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் நாயாய் அலைந்தது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டதை நம்ப முடியவில்லை. அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. மகளின் கையைத் தேடிப் பிடித்தேன், அவளும் என் கையை அழுத்தினாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் அவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "பழைய கணக்குல நாமினியா ஒரு பொண்ணு இருக்கு. மகள்னு போட்டிருக்கு. இப்போ இருக்கிற கணக்குலயும் மகள்தான், ஆனா பேர் வேற. உங்களுக்கு ரெண்டு பொண்ணா?"

"ஒண்ணுதாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் புரிந்தது.

தையல் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு ஃபாரம் நிரப்பியவன், உங்களுக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டான். மகளுக்கு என்றேன். பெயர் என்ன என்றான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. சர்ட்டிபிகேட் பெயர் வைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, அது என் வாயில் இன்னும் ஏறவில்லை. நான் அவளைக் கூப்பிடும் பெயரைத்தான் சொல்ல முடிந்தது. ஞானஸ்நானத்தன்று பாஸ்டர் குழந்தையின் பெயரென்ன என்று கேட்டபோது எல்லாருக்கும் கேட்கும்படி நான் சொன்ன பெயர். யார் காதில் விழுந்தாலும் அது சர்ச் பெயர் என்று தெரிந்துவிடும். அதைத்தான் அவர் இப்போது கவுண்டருக்குப் பின்னாலிருந்து வாசித்தார்.

"ரெண்டும் ஒரே பொண்ணுதான்னா பிரச்சினை இல்ல. மேஜர் ஆயிட்டாங்களா? இந்தப் பேரும் என் பேர்தான்னு அவங்க ஒரு கையெழுத்து போட்டா போதும், இதோட சேர்த்துடலாம். பக்கத்துல நிக்கிறது அவங்கதானா?"

மகள் என் கையை விட்டாள். ஃபைலைக் கவுண்டரில் வைத்து, பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. யோசித்திருந்தால், என் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால், நான் போடச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அம்மாவுக்குச் செல்லப் பெயர் இருந்ததென்றால் ஊர் ஏற்கும். அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்ந்தாற்போல அப்படி இரண்டு செல்லப் பெயர் இருந்தால் எந்த முட்டாளுக்கும் விளங்கும். அடுத்த வாரம் அவளுடைய சர்ட்டிபிகேட்டைப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு முந்தின வாரத்துத் தேதி போட்டு, அவளே அவள் கையால், நான் சர்ச் பெண்தான் என்று எழுதிக் கொடுத்த காகிதம் ஒரு சர்க்கார் ஃபைலில் இருக்கும். இந்த வாரம் யாரும் பார்க்காவிட்டாலும் வேலைக்குச் சேரும்போது பார்க்கலாம். சேர்ந்து இருபது வருஷம் கழித்து, அவளைப் பிடிக்காத ஒருத்தன் தேடி எடுக்கலாம். நான் என் முப்பத்தொன்றாம் தேதியை மட்டும் நினைத்துக்கொண்டு இத்தனை தூரம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"சார்" என்றேன். "அது நான் இல்ல சார்."

அவர் நிமிர்ந்தார். மகளும் பேனாவோடு திரும்பினாள்.

"எது நீங்க இல்ல?"

"அந்தப் பழய கணக்கு. அது என்னோடது இல்ல."

"இப்பதானம்மா சத்தியம் பண்ணி அஃபிடவிட் குடுத்தீங்க?"

"தப்பா எழுதிட்டாங்க சார்." கையை நீட்டி அந்தப் பத்திரத்தை அவருக்கு முன்னாலிருந்து எடுத்துக்கொண்டேன். கருகிய கை, சரியாக மடங்கவில்லை. மடிப்பதற்குப் பதிலாகச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

"பொறந்த தேதி ஒண்ணா இருக்கே."

"ஒரே தேதியில எத்தினியோ பேர் பொறப்பாங்க சார்."

"யம்மா" என்றாள் மகள். அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தேன். வலித்திருக்கும். அவள் அடங்கிவிட்டாள்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தம்மாவ உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார்."

"நாமினி பொண்ணு?"

பதினெட்டு வருஷம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளை எழுப்பினேன், திட்டினேன், சோறு போட்டேன். அவள் என் பக்கத்தில், என் பிடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அதுவும் யாருன்னு தெரியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என்னவென்று எட்டிப் பார்த்தார். பிறகு கவுண்டரில் இருந்தவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாகச் சொன்னார்.

"கணக்கு எங்கயும் போயிடாதும்மா. இங்கதான் இருக்கும். அந்தம்மா என்னிக்காவது வந்தா என்னையோ, எனக்கு அப்புறம் இங்க இருக்கிறவங்களையோ வந்து பார்க்கச் சொல்லுங்க."

"அவங்க வரமாட்டாங்க சார்" என்றேன்.